குட்டி கிங் ஸ்னேக்கைக் கையில் எடுப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதிதாகக் கிங் ஸ்னேக் குட்டி வளர்ப்பவர்கள் என்னிடம் கொண்டுவரும் புகார்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கின்றன. வாலை ஆட்டுகிறது, சீறுகிறது, கையில் நாற்றத்தைக் கழித்துவிட்டது, நேற்று கடித்தும்விட்டது, எனக்கு வாய்த்தது மட்டும் ஏன் இப்படி? உங்களுக்கு வாய்த்தது மட்டுமல்ல, எனக்கு வாய்த்தவையும் அப்படித்தான் இருந்தன. குட்டி உங்கள் மேல் பாயும்போது அது பயந்து பாய்கிறதா, பசித்துப் பாய்கிறதா என்று முதலில் பாருங்கள். கீழே உள்ள பதில்களில் பாதிக்கு மேல் இந்த ஒரு கேள்வியைத்தான் சுற்றி வருகின்றன.

கிங் ஸ்னேக் என்றால் ராஜநாகமா?

இல்லை. பெயரைக் கேட்டுவிட்டு வீட்டில் பெரியவர்கள் பதறுவதற்குக் காரணம் இந்தக் குழப்பம்தான். ராஜநாகம் நல்லபாம்பும் கட்டுவிரியனும் அடங்கிய எலாப்பிடே குடும்பத்தைச் சேர்ந்த, கொடிய விஷமுள்ள பாம்பு. கிங் ஸ்னேக் கொலுப்ரிடே குடும்பத்தில் லாம்ப்ரோபெல்டிஸ் என்ற பேரினத்தைச் சேர்ந்தது. அமெரிக்கக் கண்டங்களுக்கு உரியது. மனிதர்களைப் பாதிக்கும் விஷம் அதற்கு இல்லை, இரையைச் சுற்றி இறுக்கியே கொல்லும். கிரேக்க மொழியில் ‘லாம்ப்ரோஸ்’ என்றால் பளபளப்பு, ‘பெல்டே’ என்றால் சிறு கேடயம். செதில்களின் மினுமினுப்பைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பெயரின் பொருத்தம் புரியும்.

இரண்டுக்கும் பொதுவான குணம் ஒன்று உண்டு. இரண்டுமே மற்றப் பாம்புகளைத் தின்னும், ‘கிங்’ பட்டம் வந்தது அதனால்தான். கிங் ஸ்னேக்கிற்கு அதன் ஊரில் உள்ள கிலுகிலுப்பை விரியனின் விஷத்தைத் தாங்கும் ஆற்றலும் இருக்கிறது, அந்த விரியனையே பிடித்துத் தின்றுவிடும். கையில் இருக்கும் பென்சில் பருமன் குட்டி இவ்வளவு பெரிய பரம்பரையைச் சேர்ந்தது என்று நம்புவது சற்றுக் கடினம்தான்.

வாங்கி வந்த அன்றே எடுத்துப் பார்க்கலாமா?

வேண்டாம். ஆசை எனக்கும் தெரியும், இருந்தாலும் வேண்டாம். புதிய வாசனை, புதிய வெளிச்சம், பயண அலைக்கழிப்பு எல்லாம் சேர்ந்து குட்டி ஏற்கெனவே கலங்கிப்போய் வந்திருக்கிறது. தண்ணீரை மாற்றவும் கழிவை அள்ளவும் மட்டும் தொட்டிக்குள் கையை விடுங்கள். குறைந்தது ஒரு வாரம் போகட்டும். அதைவிட நல்ல அளவுகோல் உணவு. அது இரண்டு மூன்று முறை தவறாமல் இரை எடுத்து, கக்காமல் செரித்த பிறகு தொடங்குங்கள். புது இடத்தில் நிம்மதியாக விழுங்கும் பாம்பு அந்த இடத்தை ஏற்றுக்கொண்டுவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம்.

அந்த ஒரு வாரத்தில் நீங்கள் செய்யக்கூடிய நல்ல வேலை, தொட்டியைச் சரிபார்ப்பது. சூடான பக்கம் 29 முதல் 31 டிகிரி செல்சியஸ், குளிர்ந்த பக்கம் 22 முதல் 25 வரை. வெப்பத்தட்டுக்குச் சூட்டை அளவோடு நிறுத்தும் தெர்மோஸ்டாட் கட்டாயம். இரண்டு பக்கமும் உடம்பை ஒட்டி அணைக்கிற மாதிரி இறுக்கமான ஒளிவிடம் ஒவ்வொன்று வேண்டும். ஒளிய இடமில்லாத குட்டியை நீங்கள் எவ்வளவு மென்மையாக எடுத்தாலும் பயன் இல்லை, அது நாள் முழுவதும் பயத்திலேயே இருக்கும்.

வால் நுனியைப் படபடவென்று ஆட்டுகிறது. கோபமா?

கோபம் என்று நாம்தான் பெயர் வைக்கிறோம். அது ‘என்னை விட்டுவிடு’ என்கிறது. சருகுகளுக்கு நடுவே வாலை இப்படி அதிரவிட்டால் கிலுகிலுப்பை விரியன் ஒலி எழுப்புவதுபோலவே கேட்கும். தொட்டிக்குள் மரச்சீவல் அல்லது காகிதம் இருந்தால் நீங்களே கேட்கலாம்.

குட்டியின் எச்சரிக்கை பெரும்பாலும் படிப்படியாகத்தான் வளரும். முதலில் அசையாமல் உறைந்துபோகும், நாக்கு நின்றுவிடும். பிறகு ஓடப் பார்க்கும். ஓட வழி இல்லையென்றால் கழுத்தை ‘எஸ்’ எழுத்துபோல் மடித்துத் தலையை உயர்த்தும், வால் அதிரும், சில குட்டிகள் சீறும். அதன் பிறகுதான் பாயும். வாயைத் திறக்காமல் மூக்கால் முட்டிவிட்டுத் திரும்பும் குட்டிகளும் உண்டு. வேறு சில, தலையைச் சுருளுக்குள் புதைத்துப் பந்துபோல் உருண்டுவிடும். ‘பார், என்ன சாதுவாக இருக்கிறது’ என்று பலர் ஏமாறுவது இங்கேதான். சாதுவாக இருக்கும் பாம்பு நாக்கை நீட்டிக்கொண்டு மெதுவாக நகரும். பந்தாகிக் கிடக்கும் பாம்பு, ஓடியும் பயன் இல்லை என்று கைவிட்ட பாம்பு.

பெரிய கிங் ஸ்னேக்குகள் சாந்தமாக இருக்கின்றன. குட்டிகள் மட்டும் ஏன் இவ்வளவு துள்ளுகின்றன?

முட்டையிலிருந்து வெளிவரும்போது, கிங் ஸ்னேக் வகைகளில் ஒன்றான கலிபோர்னியா கிங் ஸ்னேக்கின் நீளம் ஏறத்தாழ 20 முதல் 30 சென்டிமீட்டர். காட்டில் அந்த அளவில் இருப்பதை யார் வேண்டுமானாலும் தின்பார்கள். பருந்து தின்னும், சிறு பாலூட்டிகள் தின்னும், ஏன், பெரிய கிங் ஸ்னேக்கே தின்னும். தாய்ப் பாம்பு முட்டையிட்டதோடு சரி, காவலுக்கு யாரும் இல்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இந்தக் குட்டியின் நிலையில் அரண்டுபோவதுதான் புத்திசாலித்தனம், அரளாத குட்டிகள் பருந்தின் வயிற்றுக்குள் போயிருக்கும்.

ஆகவே மேலிருந்து இறங்கும் உங்கள் கை அதற்கு ஒரு பறவையின் கால்தான். அது வளர்ந்து 90 சென்டிமீட்டரைத் தாண்டும்போது, தன்னைத் தூக்க வருகிற எல்லாமே தின்னத்தான் வருகிறது என்ற பதற்றம் பெரும்பாலும் குறைந்துவிடுகிறது. ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது என்ற பழமொழி பாம்புகளுக்குப் பொருந்தாது. குட்டியில் ஆட்டம் போட்டவை வளர்ந்தபின் பழகிப்போவதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

கையில் எடுத்ததும் நாற்றமடிக்கும் ஏதோ ஒன்றைப் பூசிவிடுகிறது. நோயா?

நோய் இல்லை. எச்சத்துளைக்கு அருகே உள்ள சுரப்பிகளிலிருந்து வரும் திரவம் அது. தின்ன வந்தவனுக்கு வாய் கசக்க வேண்டும் என்பதற்காகப் பீய்ச்சுவது. பெரும்பாலும் மலமும் கலந்திருக்கும். வாலை உங்கள் கையைச் சுற்றித் தேய்த்துத் தேய்த்துப் பூசுவதில் ஒரு நேர்த்தியே இருக்கும். சோப்பு போட்டு இரண்டு முறை கழுவினால் போய்விடும், சட்டைக் கையில் பட்டால் அவ்வளவு எளிதில் போகாது. பயம் குறையும்போது முதலில் நிற்பது பெரும்பாலும் இந்தப் பழக்கம்தான். அது நின்றால் சரியான வழியில் போகிறீர்கள்.

குட்டி கடித்தால் வலிக்குமா?

முள்செடி உரசியதுபோல் இருக்கும். பல நேரம் ரத்தம்கூட வராது. வளர்ந்த பாம்பு கடித்தால் வரிசையாகச் சிறு துளிகளாக ரத்தம் கசியும், வலி அப்போதும் பெரிதல்ல. சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவுங்கள், பல் ஏதும் ஒடிந்து தோலில் தங்கியிருக்கிறதா என்று பாருங்கள். வீக்கம் பரவினாலோ, மூச்சுத் திணறல் போன்ற ஒவ்வாமை தெரிந்தாலோ, ஓரிரு நாளில் சிவந்து சீழ் வைத்தாலோ மருத்துவரிடம் போக வேண்டும்.

கடியைவிட, கடிபட்டதும் நாம் கையை உதறுவதுதான் ஆபத்து. பத்து கிராம் எடையுள்ள உயிர் சுவரில் போய் மோதும்.

என் குட்டி எச்சரிக்கவே இல்லை. நேராக வந்து விரலைக் கவ்விக்கொண்டு மென்றது. இது ஏன்?

இதுதான் பசிக்கடி. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் மற்ற வளர்ப்புப் பாம்புகளிலிருந்து கிங் ஸ்னேக் மாறுபடுவது இங்கேதான்.

பயக்கடி மின்னல் மாதிரி. கழுத்தை மடித்து, பின்னுக்குச் சாய்ந்து, பட்டென்று வந்து, பட்டென்று விட்டுவிட்டுப் பின்வாங்கும். உங்களை விரட்டுவதுதான் நோக்கம், பிடித்துவைத்துக்கொள்ள அதற்கு விருப்பமே இல்லை. பசிக்கடியில் வால் ஆட்டம் இருக்காது, சீறல் இருக்காது, பின்வாங்கலும் இருக்காது. பாம்பு ஒளிவிடத்திலிருந்து தலையை நீட்டும், நாக்கு வேகவேகமாகத் துழாவும், தலை உங்கள் கையையே பின்தொடரும். சில சமயம் நிதானமாக ஊர்ந்து வந்து, விரல் இடுக்கில் மூக்கை அழுத்திப் பார்த்து, வாயை மெல்லத் திறந்து கவ்வும். கவ்வியதும் சுற்றி இறுக்கும், தாடையை நகர்த்தி நகர்த்தி விழுங்கப் பார்க்கும். கையை எலி என்று முழு மனதாக நம்பிவிட்டது.

குழிவிரியன்களுக்கும் பல மலைப்பாம்புகளுக்கும் முகத்தில் வெப்பத்தை உணரும் குழிகள் உண்டு. கிங் ஸ்னேக்கிற்கு அவை இல்லை. அது உலகத்தை அறிவது பெரும்பாலும் நாக்காலும், அண்ணத்தில் உள்ள ஜேக்கப்சன் உறுப்பாலும், அதாவது வாசனையால். காட்டில் எலி, பல்லி, பறவை முட்டை, மற்றப் பாம்பு என்று கிடைத்ததையெல்லாம் தின்று வாழ்கிற சாதி இது. இது உணவா, இல்லையா என்ற சந்தேகம் வந்தால் கடித்துப் பார்த்து முடிவு செய்யும். எலியைத் தொட்ட கையோடு போனால் குற்றம் அதனுடையது அல்ல.

இரண்டு கடிக்கும் மருந்து நேர் எதிர். பயக்கடிக்கு வேண்டியது இடைவெளி, மெதுவான அசைவு, சிறு சிறு தவணையாகப் பழக்கம். பசிக்கடிக்கு இவை எதுவும் உதவாது. அங்கே வேண்டியது சோப்பு, ஒழுங்கான உணவு, கை உணவில்லை என்று முன்கூட்டியே சொல்லிவிடும் ஒரு அறிகுறி. என் முதல் குட்டி விரலைக் கவ்வி மென்றபோது நான் அது பயப்படுகிறது என்று நினைத்து மூன்று வாரம் தொடாமல் விட்டேன், உணவையும் குறைத்தேன். அடுத்த முறை இன்னும் ஆவலாக வந்து கவ்வியது. வராமல் என்ன செய்யும், பாவம், பட்டினி கிடந்த பிள்ளை.

கவ்விக்கொண்டு விடவில்லை என்றால்?

இழுக்காதீர்கள். பற்கள் பின்னோக்கி வளைந்தவை, இழுத்தால் உங்கள் தோலும் கிழியும், அதன் பல்லும் ஒடியும். கையை ஒரு மேசைமேல் தாங்கி வைத்து ஒரு நிமிடம் அசையாமல் இருங்கள். அசையாத இரையில் பல குட்டிகளுக்கு ஆர்வம் போய்விடும். விடவில்லை என்றால் குழாயடியில் குளிர்ந்த தண்ணீரை அதன் வாய்ப்பக்கம் மெதுவாக ஓடவிடுங்கள். சுற்றியிருந்தால் வால் பக்கத்திலிருந்து பிரிக்க வேண்டும், தலைப் பக்கத்திலிருந்து தொடங்கினால் இன்னும் இறுக்கும்.

இறுக்குவதில் இவை சாதாரணமானவை அல்ல. 2017ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில், கிங் ஸ்னேக்குகளையும் அவை இரையாக்கும் எலிப்பாம்புகளையும் ஒப்பிட்டுப் பார்த்தபோது, தசையின் அளவில் பெரிய வேறுபாடு இல்லாதிருந்தும் கிங் ஸ்னேக்குகளின் பிடியழுத்தம் கூடுதலாக இருந்தது. சுருள்களைச் சுருள்வில்போல் ஒழுங்காக அடுக்கிப் பிடிக்கும் முறை அதற்குக் காரணமாகலாம் என்றார்கள். குட்டியின் பிடி உங்கள் விரலை ஒன்றும் செய்யாது, கவலை வேண்டாம்.

சரி, எப்படித்தான் எடுப்பது?

முதலில் கைகளைச் சோப்பு போட்டுக் கழுவுங்கள், வாசனை அதிகமில்லாத சோப்பாக இருக்கட்டும். தரையில் உட்கார்ந்துகொள்ளுங்கள். குட்டி நழுவினால் ஒரு சாண் உயரத்திலிருந்து விழுவதும் ஓர் ஆள் உயரத்திலிருந்து விழுவதும் ஒன்றல்ல.

ஒளிவிடத்தை மெதுவாகத் தூக்கி எடுத்துவிட்டு, பாம்பு உங்களைக் கவனிக்க ஒரு கணம் கொடுங்கள். பிறகு ஒரு காகிதக் குழலாலோ சிறு கொக்கியாலோ உடம்பின் நடுப்பகுதியை லேசாகத் தொடுங்கள். ஒவ்வொரு முறையும் எடுப்பதற்கு முன் இதைச் செய்துவந்தால், தொட்டால் சோறு இல்லை என்ற பாடம் சில வாரங்களில் பதிந்துவிடும். நாக்கு வேகமாகத் துழாவிக்கொண்டிருந்த பாம்பு தொட்டதும் சற்றே பின்வாங்கும், அப்போது பசி மனநிலை கலைந்துவிட்டது என்று பொருள்.

பிறகு பக்கவாட்டிலிருந்து கையைக் கொண்டுபோய், உடம்பின் நடுப்பகுதிக்கு அடியில் விரல்களை நுழைத்து அள்ளுங்கள். மேலிருந்து கவ்வாதீர்கள், தலையைப் பிடிக்காதீர்கள், வாலைப் பிடித்துத் தூக்கவே தூக்காதீர்கள். தயங்கித் தயங்கி நீட்டி இழுக்கும் கைதான் குட்டியை அதிகம் பயமுறுத்துகிறது. எடுப்பது என்று முடிவு செய்துவிட்டால் மெதுவாக, ஆனால் நிற்காமல் எடுங்கள். எடுத்தபின் அழுத்திப் பிடிக்க வேண்டாம். ஒரு கை முடிந்ததும் அடுத்த கை, அது முடிந்ததும் முந்தைய கை என்று ஏணிப்படி மாதிரி முன்னால் வைத்துக்கொண்டே இருந்தால் அது ஏறிப் போய்க்கொண்டே இருக்கும்.

அப்படி ஓடிக்கொண்டே இருக்கிறது, ஒரு நொடிகூட நிற்பதில்லை. பிடிக்கவில்லையா?

குட்டி கிங் ஸ்னேக் என்றாலே ஓட்டம்தான். மடியில் சுருண்டு படுக்கும் பாம்பு வேண்டுமென்றால் தேர்வு தவறிவிட்டது. ஓட்டத்தில் இரண்டு வகை உண்டு. துள்ளித் தெறித்து ஓடினால் பயம். நாக்கை நீட்டிக்கொண்டு விரல் விரலாக நுழைந்து போனால் அது சுற்றிப்பார்க்கிறது. முதலாவது இரண்டாவதாக மாறும் நாளுக்காகத்தான் காத்திருக்கிறோம்.

எவ்வளவு நேரம் வைத்திருக்கலாம்?

தொடக்கத்தில் மூன்று நான்கு நிமிடம், வாரத்தில் இரண்டு மூன்று முறை. பழகியபின் பத்துப் பதினைந்து நிமிடம். தினமும் எடுத்துப் பழக்கினால் சீக்கிரம் சரியாகும் என்று சிலர் சொல்வார்கள், குட்டிகள் விஷயத்தில் எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. பூனைக்கு விளையாட்டு, எலிக்குச் சீவன் போகிறது என்கிற கதையாகிவிடும்.

திரும்ப விடும் தருணம் முக்கியம். அது துள்ளும்போதோ கடித்த உடனேயோ விடாமல், கையை அசைக்காமல் வைத்திருந்து, அரை நிமிடம் அமைதியானதும் உள்ளே விடுங்கள். கடித்தால் விடுதலை கிடைக்கும் என்று பாம்பு கணக்குப் போடுகிறதா என்பது வேறு விவாதம். பதற்றத்தின் உச்சத்தில் முடிவதைவிட அமைதியில் முடிவது இரு தரப்புக்கும் நல்லது.

எப்போது தொடவே கூடாது?

இரை விழுங்கி 48 மணி நேரம் ஆகும் வரை. வயிற்றில் உணவோடு அலைக்கழித்தால் கக்கிவிடும். கக்குவது குட்டிக்குப் பெரிய இழப்பு, உணவோடு செரிமான நீரும் போய் உணவுக்குழாயும் புண்ணாகிவிடும். கக்கிவிட்டால் பத்து நாளாவது இரையும் வேண்டாம், கையும் வேண்டாம், பிறகு வழக்கத்தைவிடச் சிறிய இரையில் தொடங்குங்கள்.

சட்டை உரிக்கும் நாள்களிலும் விட்டுவிடுங்கள். கண்கள் பாலாடை படர்ந்ததுபோல் நீலம் பாரித்திருக்கும். பாம்புக்கு இமை கிடையாது, கண்ணை மூடியிருக்கும் ஒளி ஊடுருவும் செதிலும் சட்டையோடு சேர்ந்து உரியும். அதற்கு முந்தைய சில நாள் அரைக்குருடாகத்தான் இருக்கும். பார்வை மங்கிய நேரத்தில் மேலே கை விழுந்தால் யார்தான் கடிக்க மாட்டார்கள்? குட்டிகள் வேகமாக வளர்வதால் அடிக்கடி சட்டை உரிக்கும், இந்த விடுமுறையும் அடிக்கடி வரும்.

கையுறை போட்டுக்கொள்ளலாமா?

பயத்தால் உங்கள் கை நடுங்குகிறது என்றால் முதல் சில முறை மெல்லிய கையுறை போடுங்கள், தவறில்லை. தடித்த தோல் கையுறை வேண்டாம். குட்டியின் விலா எலும்புகள் தீக்குச்சியைவிட மெல்லியவை, எவ்வளவு அழுத்துகிறோம் என்று தெரியாமல் போய்விடும்.

தொட்டிக்குள்ளேயே உணவு கொடுத்தால் கையைப் பார்த்தாலே பாயுமாமே? தனிப் பெட்டியில் மாற்றித்தான் கொடுக்க வேண்டுமா?

பரவலாகச் சொல்லப்படும் யோசனை, எனக்கு உடன்பாடில்லை. பசியோடு இருக்கும் பாம்பைக் கையால் தூக்கி ஒரு பெட்டியில் போட்டு, விழுங்கி முடித்ததும் வேட்டை வெறி அடங்காத நிலையில் மறுபடியும் கையால் தூக்கித் திரும்ப விடுவது, கடிக்கு இரண்டு வாய்ப்புகளை நாமே உருவாக்குவது. விழுங்கிய உடனே தூக்குவதால் கக்கும் ஆபத்தும் உண்டு. தொட்டிக்குள்ளேயே, நீளமான இடுக்கியால் கொடுங்கள். விரலால் நீட்டவே நீட்டாதீர்கள். குட்டிக்கு ஐந்து முதல் ஏழு நாளுக்கு ஒரு முறை, உடம்பின் தடித்த பகுதியின் பருமனை ஒத்த எலிக்குஞ்சு ஒன்று, உறையவைத்துப் பிறகு முழுதும் உருகி வெதுவெதுப்பானது. கை என்றால் உணவு என்ற முடிச்சு விழாமலிருக்க மேலே சொன்ன தொடு அறிகுறியே போதும்.

இரண்டு குட்டிகளைச் சேர்த்து வைத்தால் ஒன்றுக்கொன்று துணையாக இருக்குமே?

இருக்காது. ஒரு நாள் காலையில் ஒன்றுதான் இருக்கும், அது சற்றுத் தடித்திருக்கும். ஒரே முட்டைத் தொகுதியில் பிறந்தவை என்றாலும் இதேதான். ஒரு பாம்பை எடுத்த கையைக் கழுவாமல் அடுத்த பாம்பை எடுப்பதும் இதே காரணத்தால் ஆபத்து. கிங் ஸ்னேக்கிற்கு இன்னொரு பாம்பின் வாசனையும் சாப்பாட்டு வாசனைதான்.

வளையம் போட்டது சாதுவா, நீளக்கோடு போட்டது சாதுவா?

நிறத்திற்கும் குணத்திற்கும் தொடர்பு இல்லை. கலிபோர்னியா கிங் ஸ்னேக்கில் ஒரே தாயின் முட்டைகளிலிருந்து இரண்டு வடிவமும் வெளிவரும்.

நன்றாகப் பழகியிருந்தது, திடீரென்று கடிக்கத் தொடங்கிவிட்டது. என்ன ஆயிற்று?

முதலில் கண்களைப் பாருங்கள், சட்டை உரிக்கப் போகிறதா? பிறகு கடைசியாக எப்போது தின்றது, வளர்ந்த உடம்புக்குப் பழைய சிறு இரையையே கொடுத்துக்கொண்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். திடீரென்று கடிப்பதாக வரும் புகார்களில் நான் அதிகம் கண்டது இதைத்தான். இரையின் அளவைக் கூட்டியதும் அடங்கிவிடும். தெர்மோமீட்டரையும் பாருங்கள், தெர்மோஸ்டாட் பழுதாகித் தரை கொதித்துக்கொண்டிருக்கலாம்.

இவை எதுவும் இல்லையென்றால் உடம்பைக் கவனியுங்கள். தண்ணீர்க் கிண்ணத்தில் மிளகுத்தூள் தூவியதுபோல் கரும்புள்ளிகள் மிதந்தால் உண்ணிப்பூச்சி. வாயைத் திறந்து மூச்சு விடுதல், மூக்கில் குமிழி, வாயோரம் வீக்கம் இருந்தால் ஊர்வனவற்றைப் பார்க்கத் தெரிந்த கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். வலி உள்ள பாம்பு கடிக்கும், அதைப் பழக்கி மாற்ற முடியாது.

எத்தனை மாதத்தில் பழகும்?

சில குட்டிகள் ஒரு மாதத்தில், பெரும்பாலானவை ஓராண்டுக்குள். ஒன்றிரண்டு கடைசி வரை பயந்தே இருக்கும். அப்படிப்பட்டதைக் கண்ணாடி வழியே பார்த்து மகிழ்வதில் குறைவு ஒன்றும் இல்லை. என்னிடம் இருந்த ஒன்று எட்டு ஆண்டுகள் வாலை ஆட்டிக்கொண்டேதான் இருந்தது. பசி எடுப்பதிலும் சட்டை உரிப்பதிலும் அதுபோல் ஒழுங்கான பாம்பை நான் பார்க்கவில்லை.

வீட்டில் குழந்தைகள் எடுக்கலாமா?

5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் வேண்டாம். ஆரோக்கியமாகத் தெரியும் ஊர்வனவற்றின் உடலிலும் சால்மோனெல்லா நுண்ணுயிர் இருக்கலாம், சிறு குழந்தைகளுக்கும் முதியோருக்கும் நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களுக்கும் அது கடுமையான நோயைத் தரும். பெரிய பிள்ளைகள் பெரியவர் ஒருவர் அருகில் இருக்கும்போது, பழகிய பாம்பை மட்டும் எடுக்கட்டும். எடுப்பதற்கு முன் கழுவுவது பாம்புக்காக, எடுத்த பின் கழுவுவது நமக்காக. தொட்டியையும் கிண்ணத்தையும் சமையல் பாத்திரம் கழுவும் இடத்தில் கழுவக் கூடாது. பசிக்கடியில் விரலைக் குழாயடியில் காட்டியது சமையலறையில் என்றால், அந்த இடத்தையும் பிறகு நன்றாகத் தேய்த்துவிடுங்கள்.

எனக்கு இது ஒத்துவரவில்லை. தோட்டத்தில் விட்டுவிடலாமா?

கூடாது. ஸ்பெயினுக்குச் சொந்தமான கிரான் கனேரியா தீவில் நடந்ததைக் கேளுங்கள். வீடுகளில் வளர்க்கப்பட்ட கலிபோர்னியா கிங் ஸ்னேக்குகள் எப்படியோ வெளியேறி, அங்கே பெருகிவிட்டன. அந்தத் தீவில் மட்டுமே வாழும் பெரும்பல்லி இனம், பாம்பு என்றால் என்னவென்றே அறியாதது. கிங் ஸ்னேக் பரவிய இடங்களில் அந்தப் பல்லி கிட்டத்தட்ட இல்லாமலே போய்விட்டது. ஆயிரக்கணக்கில் பிடித்து அகற்றியும் இன்றுவரை பாம்புகளை ஒழிக்க முடியவில்லை. வளர்த்துப் பழகிய வேறொருவரிடமோ, வாங்கிய இடத்திலோ சட்டப்படி ஒப்படையுங்கள். தொட்டி மூடிக்குப் பூட்டு போடச் சொல்வதும் இதனால்தான். தலை நுழையும் இடுக்கு இருந்தால் குட்டி முழுவதும் வெளியே போய்விடும்.

பெயர் வைத்திருக்கிறேன். கூப்பிட்டால் வருமா?

வராது. பாம்புக்கு வெளிக்காது இல்லை, தரையின் அதிர்வையும் தாழ்ந்த ஒலிகளையும்தான் நன்றாக உணரும். ஆனால் சில மாதங்கள் போனால், நீங்கள் அறைக்குள் நடந்து வரும் அதிர்வுக்கே ஒளிவிடத்திலிருந்து ஒரு சிறு தலை எட்டிப் பார்க்கும், நாக்கு படபடக்கும். என்னைத் தெரிந்துகொண்டது என்று உங்களுக்கு மனம் குளிரும். இடுக்கியைக் கொண்டு வந்திருக்கிறீர்களா என்றுதான் அது பார்க்கிறது. கையைக் கழுவிவிட்டு வாருங்கள்.